நீண்ட மருத்துவ விடுப்பும் மிஞ்சிய ஆண்டு விடுப்பும்: சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆண்டு விடுப்பு பற்றிய கேள்விகள் பெரும்பாலும் டிசம்பரில்தான் கிளம்பும். அறுவை சிகிச்சை, கீமோ, முதுகெலும்புப் பிரச்சினை என்று மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் அது ஜனவரியில் கிளம்புகிறது. வேலைக்குத் திரும்பிய அன்று விடுப்புச் செயலியைத் திறந்து பார்த்தால், போன வருடம் தொடாமலே கிடந்த நாள்களைக் காணோம். எச்ஆரைக் கேட்டால் "சிஸ்டம் தானாகக் கழித்துவிட்டது" என்று பதில் வரும்.

கீழே உள்ள பதில்கள் சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தை ஒட்டியவை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்: உங்கள் ஒப்பந்தம் சட்டத்தைவிடத் தாராளமாக இருந்தால் ஒப்பந்தம் செல்லும். சட்டத்தைவிடக் குறைத்துக் கொடுத்தால் அந்த நிபந்தனை செல்லாது.

நோய் காரணமாக எடுக்க முடியாமல் போன ஆண்டு விடுப்பை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக எனக்கு உரிமை இருக்கிறதா?

நோய்க்கென்று தனியாக ஓர் உரிமை இங்கே கிடையாது. "ஆறு மாதம் படுத்திருந்தார், ஆகவே அவருடைய விடுப்பைக் காப்பாற்ற வேண்டும்" என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. நோயோ வேலைப் பளுவோ மறதியோ, எந்தக் காரணத்தால் விடுப்பு மிஞ்சினாலும் பொது விதி ஒன்றுதான்.

அந்தப் பொது விதி நீங்கள் யார் என்பதைப் பொறுத்து மாறும். சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் வருபவர் என்றால், எடுக்காத சட்டப்படியான ஆண்டு விடுப்பை அடுத்த 12 மாதங்களுக்குக் கொண்டுபோக முதலாளி அனுமதித்தே ஆக வேண்டும். அந்த 12 மாதத்துக்குள்ளும் எடுக்காவிட்டால் அது போய்விடும். நான்காம் பகுதிக்கு வெளியே இருப்பவர் என்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

நோயாளிக்கு இது போதுமா என்று கேட்டால், போதாது என்பதே என் எண்ணம். ஆனால் இருக்கும் விதியையே முழுதாகப் பயன்படுத்தாமல் நாள்களை இழப்பவர்கள்தான் அதிகம்.

நான் நான்காம் பகுதிக்குள் வருகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உடலுழைப்பு வேலை செய்பவர் என்றால் அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். கட்டுமான ஊழியர், துப்புரவாளர், இயந்திரம் இயக்குபவர், பேருந்து ஓட்டுநர் எல்லாம் இதில் சேர்வார்கள். மேலாளர், நிர்வாகி அல்லாத மற்ற ஊழியர்களுக்கு, அதாவது குமாஸ்தா, கடை விற்பனையாளர், வரவேற்பாளர் போன்றவர்களுக்கு வரம்பு 2,600 வெள்ளி. மேலாளர்களும் நிர்வாகிகளும் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் நான்காம் பகுதியில் இல்லை.

அடிப்படைச் சம்பளம் என்றால் ஓவர்டைம், போனஸ், அலவன்ஸ் எல்லாம் நீங்கலாக. கைக்கு வருவது 3,100 வெள்ளியாக இருந்தாலும் சம்பளச் சீட்டில் 'அடிப்படை' என்ற வரியில் 2,500 என்று இருந்தால் நீங்கள் உள்ளேதான். பலர் மொத்தத்தைப் பார்த்துவிட்டுத் தங்களை வெளியே நிறுத்திக்கொள்கிறார்கள்.

பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பெயர் அட்டையில் 'எக்ஸிகியூட்டிவ்' என்று போட்டுவிட்டு நாள் முழுக்க டேட்டா என்ட்ரி செய்யச் சொல்லும் இடங்கள் உண்டு. என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர்களும் நிர்வாகிகளும் சம்பள வரம்பில்லாமல் வேலை நியமனச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அதனால் ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு இரண்டும் அவர்களுக்கும் சட்டப்படியான உரிமை. அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவது மட்டும் அவர்களுக்கு ஒப்பந்த விஷயம்.

எனக்கு வருடத்துக்கு 18 நாள் விடுப்பு. அத்தனையும் கொண்டுபோக முடியுமா?

சட்டம் காப்பது சட்டம் கொடுத்த நாள்களை மட்டும். முதல் வருடம் 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் கூடி, எட்டாம் வருடத்திலிருந்து 14 நாள். நீங்கள் மூன்றாம் வருடத்தில் இருந்தால் சட்டப்படி 9 நாள்தான். கம்பெனி தன் விருப்பத்தில் கொடுக்கும் மீதி 9 நாள் ஒப்பந்தப்படி நடக்கும். ஏற்கெனவே எடுத்த நாள்கள் எந்தக் கணக்கில் முதலில் கழிகின்றன என்று விடுப்புக் கொள்கையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால், கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் எம்சியில் (மருத்துவச் சான்றிதழோடு எடுக்கும் விடுப்பில்) இருந்தேன். அந்தக் காலத்துக்கு ஆண்டு விடுப்பு சேருமா?

சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பில் இருந்த காலமும் வேலை செய்த காலமாகவே எண்ணப்படும். ஆகவே ஆண்டு விடுப்பு வழக்கம்போல் சேரும். "நீதான் வேலைக்கே வரலையே, அப்புறம் எதுக்கு லீவு" என்று சூப்பர்வைசர் கேட்டால் அது அவருடைய சொந்தக் கருத்து.

சிக்கல் சம்பளமில்லா விடுப்பில்தான் இருக்கிறது. எல்லாரும் 'நோ பே லீவ்' என்று சொல்வது. ஊழியர் கேட்டு, முதலாளி சம்பளமில்லா விடுப்பு கொடுத்தால், ஆண்டு விடுப்பைக் கணக்கிடும்போது அந்தக் காலம் சேவைக் காலத்தில் சேராது. 'ஊழியர் கேட்டு' என்ற சொற்களைக் கவனியுங்கள்.

நடப்பதை ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். பத்து வருடம் வேலை செய்தவர் ஒருவர். வருடத்துக்கு 14 நாள் விடுப்பு. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு முழுவதும் தீர்ந்த பின் மேலும் மூன்று மாதம் வீட்டில் இருக்கிறார். எச்ஆர் ஒரு படிவம் அனுப்புகிறது. 'சம்பளமில்லா விடுப்பு விண்ணப்பம்', காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று முன்கூட்டியே தட்டச்சு செய்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார். இப்போது கணக்கு இப்படி: 12 மாதத்தில் 9 மாதம்தான் சேவை. 14ஐ 12ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 10.5. அரை நாளும் அதற்கு மேலும் வந்தால் முழு நாளாக எண்ண வேண்டும் என்பது விதி, ஆகவே 11 நாள். மூன்று நாள் குறைந்துவிட்டது.

மூன்று நாள் பெரிய விஷயமா என்று தோன்றலாம். கீமோவுக்குப் பின் பரிசோதனைக்கு அலைகிறவருக்கு மூன்று நாள் பெரிய விஷயம்தான். படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் காரணத்தை அடித்துவிட்டு 'மருத்துவச் சான்றிதழின்படி ஓய்வு, சம்பள மருத்துவ விடுப்பு தீர்ந்துவிட்டது' என்று எழுதுங்கள், எம்சியை இணையுங்கள். இதனால் மட்டும் நாள்கள் திரும்பிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் விருப்பப்பட்டுக் கேட்ட விடுப்புக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஓய்வுக்கும் உள்ள வித்தியாசம் தாளில் பதிவாகிவிடும். பின்னால் பேச்சு வரும்போது அது உதவும்.

60 நாள் மருத்துவமனை விடுப்பு என்கிறார்கள். அது எப்படிக் கணக்காகிறது?

ஆறு மாதம் வேலை செய்து முடித்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் வெளிநோயாளி மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் 60 நாள். இந்த 14, அந்த 60க்குள் அடங்கியது. 74 என்று கூட்டிக்கொள்ளக் கூடாது. மூன்று மாதம் முடித்தவருக்கு 5 நாளும் 15 நாளும். நான்கு மாதத்துக்கு 8, 30. ஐந்து மாதத்துக்கு 11, 45. மூன்று மாதம் முடியாதவருக்குச் சட்டப்படி சம்பள மருத்துவ விடுப்பு இல்லை.

மருத்துவமனை விடுப்பு என்றால் வார்டில் படுத்திருந்த நாள் மட்டும் இல்லை. வீட்டுக்கு அனுப்பிய பிறகு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஓய்வும் அதில் வரலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் தரும் எம்சியில் எந்த வகை விடுப்பு என்று ஒரு வரி இருக்கும். அதை அங்கேயே நின்று படித்துவிடுங்கள். வெளிநோயாளி விடுப்பு என்று விழுந்துவிட்டால் 14 நாள் கணக்கில் கழிந்து, இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு திருத்தி வாங்குவதைவிட நர்ஸ் மேசையில் கேட்பது சுலபம்.

அடுத்தது நாள் எண்ணிக்கை. ஓய்வு நாள், பொது விடுமுறை, வேலை இல்லாத நாள் ஆகியவற்றில் சம்பள மருத்துவ விடுப்பு என்ற பேச்சே இல்லை. ஆகவே அவை 60இல் கழியக் கூடாது. 2025 அக்டோபர் 6, திங்கள் முதல் நவம்பர் 30, ஞாயிறு வரை எம்சி என்று வைத்துக்கொள்வோம். நாள்காட்டிப்படி 56 நாள். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் வேலை நாள் 40. அதிலும் அக்டோபர் 20 தீபாவளி, பொது விடுமுறை. ஆக 39 நாள்தான் கழிய வேண்டும்; இன்னும் 21 நாள் கையிருப்பு. எச்ஆர் 56ஐக் கழித்துவிட்டு "நாலு நாள்தான் பாக்கி" என்று சொன்னால், அடுத்த வாரத்திலிருந்து உங்கள் ஆண்டு விடுப்பையோ சம்பளத்தையோ தொட ஆரம்பித்துவிடுவார்கள். பல பேருடைய ஆண்டு விடுப்பு கரைவது இந்தக் கழித்தலில்தான்.

சம்பளக் கணக்குப் பார்க்கும் இடத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை. எம்சியின் மேல் '56 நாள்' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். அதை அப்படியே தட்டிவிடுவார்கள்.

60 நாளும் தீர்ந்த பிறகு ஆண்டு விடுப்பை எடுத்துக்கொள்வதா, சம்பளமில்லா விடுப்பா?

அறுபது நாளுக்கு மேல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் ஒப்பந்தத்தையும் தொழிற்சங்கக் கூட்டு உடன்பாட்டையும் பாருங்கள். சில இடங்களில் நீண்டகால நோய்க்கு நீட்டிப்பு எழுதியிருக்கும். அப்புறம் கம்பெனி எந்த ஆண்டுக் கணக்கில் நடக்கிறது என்று பாருங்கள். மருத்துவ விடுப்பு வருடத்துக்கு இவ்வளவு என்பதுதான் விதி என்பதால், புது வருடம் பிறந்தால் புதுக் கணக்கு திறக்கும். நவம்பர் கடைசியில் 60 தீர்ந்து, ஜனவரியில் புதுக் கணக்கு தொடங்குகிறது என்றால் நடுவில் ஒரு மாதத்தை மட்டும் சமாளிக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்கு ஆண்டு விடுப்பைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம், குறிப்பாக டிசம்பரோடு காலாவதியாகப்போகும் நாள்களை. எப்படியும் போகப்போகிற நாள், சம்பளமாகவாவது வரட்டும்.

ஆனால் எல்லா நாள்களையும் கொட்டிவிடாதீர்கள். வேலைக்குத் திரும்பிய முதல் சில மாதம்தான் அடிக்கடி அரை நாள், ஒரு நாள் தேவைப்படும்.

ஊருக்குப் போக ஆண்டு விடுப்பு வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் அறுவை சிகிச்சை வந்துவிட்டது. இரண்டும் ஒரே தேதி.

ஆண்டு விடுப்பில் இருக்கும் நாளில் சம்பள மருத்துவ விடுப்புக்கு உரிமை இல்லை என்று சட்டம் சொல்கிறது. டிசம்பர் 15 முதல் 26 வரை மதுரைக்கு டிக்கெட் போட்டு விடுப்பும் அனுமதியாகிவிட்டது. டிசம்பர் 10 அன்று பித்தப்பை அறுவை சிகிச்சை, மூன்று வாரம் எம்சி. ஒன்றும் செய்யாமல் இருந்தால் அந்த நாள்கள் ஆண்டு விடுப்பாகவே போய்விடும் ஆபத்து இருக்கிறது. பயணமும் போச்சு, விடுப்பும் போச்சு.

விடுப்பு தொடங்கும் முன்பே அதை ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள். படுக்கையில் இருந்தபடி வாட்ஸ்அப்பில் எம்சியின் படத்தோடு அனுப்பினாலும் போதும், தேதி இருக்கும். முதலாளி ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மை; ஆனால் தொடங்காத விடுப்பை ரத்து செய்வதற்கு மறுக்கும் இடங்கள் குறைவு. விடுப்பு தொடங்கிய பிறகு காய்ச்சல் வந்து படுத்தால் கேட்கலாம், கிடைத்தால் அது அவர்களுடைய பெரிய மனசு.

ஊரில் இருக்கும்போது நோய்வாய்ப்பட்டு அங்கேயே சிகிச்சை. அந்த மருத்துவச் சான்றிதழ் செல்லுமா?

சம்பள மருத்துவ விடுப்புக்குச் சிங்கப்பூரில் பதிவு பெற்ற மருத்துவரின் சான்றிதழ் வேண்டும் என்பது சட்டம். திருச்சி மருத்துவமனையின் சான்றிதழை ஏற்பதா வேண்டாமா என்பது முதலாளியின் முடிவு. ஏற்காவிட்டால் அந்த நாள்கள் ஆண்டு விடுப்பிலோ சம்பளமில்லா விடுப்பிலோ போகும். எப்படியானாலும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்தால் அனுமதியில்லாமல் வராதவர் ஆகிவிடுவீர்கள். அது அடுத்த கேள்வி.

இத்தனை நாள் வராததால் ஆண்டு விடுப்பே கிடையாது என்கிறார் முதலாளி.

அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல், அந்த மாதத்தின் அல்லது வருடத்தின் வேலை நாள்களில் 20 விழுக்காட்டுக்கு மேல் வராதவர் ஆண்டு விடுப்பை இழப்பார் என்று ஒரு விதி இருக்கிறது. அதைத்தான் அவர் பாதி நினைவில் சொல்கிறார். எம்சியோடு வீட்டில் இருப்பது தகுந்த காரணம். விதி உங்களைத் தொடாது.

ஒரே ஓட்டை: 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எம்சி நீட்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அனுப்புங்கள். முதல் எம்சியை அனுப்பிவிட்டு அடுத்தடுத்ததைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடிபட்டது வேலை இடத்தில். அதற்கும் இதே கணக்கா?

இல்லை, அது வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம். 2019இல் புதிதாக இயற்றப்பட்டு 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வெளிநோயாளி விடுப்பு 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்பு 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை. ஏணியிலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்தவரிடம் "ஆண்டு விடுப்பைப் போட்டுக்கோ, ரிப்போர்ட் வேண்டாம்" என்று சொல்லும் ஃபோர்மேன்களுக்குப் பஞ்சமில்லை. போடாதீர்கள். ஆண்டு விடுப்பும் போகும், அது வேலைக்காயம் என்பதற்கான தடயமும் போகும்.

நான் நிர்வாகி. டிசம்பர் 31க்குள் எடுக்காவிட்டால் போச்சு என்கிறது ஒப்பந்தம். நான் மருத்துவமனையில் இருக்கிறேன். என்ன செய்வது?

சட்டம் கைகொடுக்காத இடம் இதுதான். கேட்பதுதான் வழி. அதையும் டிசம்பர் 31க்கு முன் கேட்க வேண்டும். காலாவதியான நாளை உயிர்ப்பிக்க எச்ஆர் மேலிடத்தில் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். காலாவதியாகாத நாளை நீட்டிக்க மேலாளரின் ஒரு மின்னஞ்சல் போதும்.

நீளமாக எழுத வேண்டாம். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சாரம் இவ்வளவுதான்: "செப்டம்பர் 8 முதல் மருத்துவ விடுப்பில் இருக்கிறேன், எம்சி ஜனவரி 16 வரை இருக்கிறது. அதனால் இந்த ஆண்டின் 11 நாள் விடுப்பை எடுக்க வழியில்லை. அந்த 11 நாளையும் வரும் டிசம்பர் வரை பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன். முடியாவிட்டால் எத்தனை நாள் நீட்டிக்கலாம், அல்லது பணமாகத் தரலாம் என்று சொல்லுங்கள்." கடைசி வாக்கியம் முக்கியம். மொத்தமாக 'இல்லை' என்று சொல்ல வந்தவருக்கும் பாதி வழி இறங்கி வர ஓர் இடம் கிடைக்கிறது. நோயின் விவரங்களை அதில் கொட்ட வேண்டியதில்லை, தேதிகள் போதும்.

கம்பெனியின் விடுப்புக் கொள்கையில் 'நிர்வாகத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டு' என்ற சொற்கள் எங்காவது ஒளிந்திருக்கும். தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த வரியைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

எடுக்காத விடுப்பைப் பணமாகக் கேட்கலாமா?

வேலையில் தொடரும்போது பணமாகக் கொடுக்கும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் கொடுக்கலாம். வேலை முடியும்போது கதை வேறு. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர் தவிர மற்றவர்களுக்கு, மிஞ்சிய விடுப்புக்கு மொத்தச் சம்பள விகிதத்தில் பணம் தர வேண்டும்.

கணக்கு இது. மாத மொத்தச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52ஐ வாரத்தின் வேலை நாள்களால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 2,600 வெள்ளி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 31,200 வகுத்தல் 260, ஒரு நாளுக்கு 120 வெள்ளி. 11 நாளுக்கு 1,320. அதே சம்பளம் ஆறு நாள் வேலைக்கு என்றால் ஒரு நாளுக்கு 100 வெள்ளிதான். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்தப் பணத்துக்கு மத்திய சேம நிதிச் சந்தாவும் உண்டு. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

நோயில் இருக்கும்போதே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். விடுப்பு என்ன ஆகும்?

ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து வேலையை முடிக்க முதலாளியால் முடியும், நீங்கள் எம்சியில் இருந்தாலும். மனசுக்குக் கஷ்டமான உண்மை. ஆனால் மிஞ்சிய ஆண்டு விடுப்புக்குப் பணம் தர வேண்டும். உரிய சலுகையைக் கொடுக்காமல் தப்பிப்பதற்காகவே வேலையை விட்டு நீக்கினார்கள் என்றால் அது தவறான பணிநீக்கம். அதற்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். உடம்பு முடியாதவருக்கு ஒரு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்; வீட்டில் யாரிடமாவது சொல்லிவையுங்கள்.

நீங்களே ராஜினாமா செய்வதாக இருந்தால், மிஞ்சிய விடுப்பை நோட்டீஸ் காலத்தில் கழிக்கலாம். அப்போது கடைசி வேலை நாள் முன்னால் வரும், அந்த நாள் வரைதான் சம்பளம். விடுப்பை எடுத்தபடி நோட்டீஸை முழுக்க ஓட்டினால் நோட்டீஸ் முடியும் வரை சம்பளம். அடுத்த வேலை காத்திருந்தால் முதல் வழி. இன்சூரன்ஸ் கடைசி நாள் வரை வேண்டும் என்று நினைத்தால் இரண்டாவது வழி நல்லது, முதலாளி அனுமதிக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் தம்பி 18 மாதம் வரை கொண்டுபோகலாம் என்கிறான். இங்கே ஏன் இல்லை?

அவர் சொல்வது அவர் நாட்டில் சரி. 2009 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், நோய் விடுப்பில் இருந்தவர் எடுக்க முடியாத ஆண்டு விடுப்பை இழக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழியில் வந்த விதி பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் எழுத்திலேயே இருக்கிறது: நான்கு வார விடுப்பு வரை, அந்த விடுப்பு ஆண்டு முடிந்ததிலிருந்து 18 மாதத்துக்குள். சிங்கப்பூருக்கு அந்தத் தீர்ப்பும் இல்லை, விதியும் இல்லை. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் பக்கங்கள்தான். அதை அச்செடுத்துக்கொண்டு எச்ஆரிடம் போனால் உங்கள் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து அடிபடும்.

எடுக்காத மருத்துவ விடுப்பைச் சேர்த்து வைக்கலாமா?

முடியாது. வருடம் முடிந்தால் அது முடிந்தது. பணமாகவும் வராது.

ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. வேலை நியமனச் சட்டத்துக்கு நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பது கணக்கில்லை. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நான்காம் பகுதிக்குள்ளேயே வருவார்கள், ஆகவே 12 மாதம் கொண்டுபோகும் உரிமையும் உண்டு. இரண்டு வருட விடுப்பைச் சேர்த்துப் பொங்கலுக்கு ஊருக்குப் போகத் திட்டமிடுபவர்கள், முதல் வருட நாள்கள் எந்தத் தேதியில் காலாவதியாகின்றன என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும்; 2023 ஜூலை 1 முதல் மருத்துவக் காப்புறுதி வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு எடுத்திருக்க வேண்டும்.

வீட்டுப் பணிப்பெண்கள், கப்பலோட்டிகள், அரசாங்க ஊழியர்கள், ஆணைபெற்ற கழகங்களில் (தனிச் சட்டத்தால் அமைந்த அரசு அமைப்புகளில்) வேலை செய்பவர்கள் ஆகியோர் இந்தச் சட்டத்தில் இல்லை. அவர்களுக்கு ஒப்பந்தமும் அந்தந்தத் துறையின் விதிகளும்தான்.

பேசிப் பார்த்தாச்சு, கேட்கவில்லை. யாரிடம் போவது?

சங்க உறுப்பினர் என்றால் முதலில் சங்கம். இல்லாவிட்டால் டிஏடிஎம் என்று அழைக்கப்படும், தகராறுகளைத் தீர்க்கும் முத்தரப்புக் கூட்டணியிடம் இணையத்தில் கோரிக்கை பதியலாம். முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்து சமரசம் பேசுவார்கள். தீராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம். சங்கத்தின் துணையோடு சமரசத்துக்குப் போனவர் என்றால் 30,000 வரை. வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது, அது நமக்கு நல்லதுதான். வெளிநாட்டு ஊழியர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலும் உதவி கேட்கலாம்.

வேலையில் இருப்பவர் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். வேலையை விட்டவர் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்.

கொண்டுபோக வேண்டியவை: வேலை நியமன நிபந்தனைகள் எழுதிய தாள், சம்பளச் சீட்டுகள், எல்லா எம்சிகளும், டிஸ்சார்ஜ் சுருக்கம், எச்ஆருக்கு அனுப்பிய செய்திகள். விடுப்புச் செயலியில் வருட ஆரம்ப இருப்பு, எடுத்தது, மிச்சம் என்று வரும் பக்கத்தை டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட், ஜனவரி முதல் வாரத்தில் இன்னொன்று எடுத்து வையுங்கள். உங்களிடம் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம்: ஊழியரின் பதிவுகளைக் கடந்த இரண்டு வருடத்துக்கு முதலாளி வைத்திருக்க வேண்டும், வேலையை விட்டுப் போனவருடையதையும் ஒரு வருடம் வரை காக்க வேண்டும். சமரசத்தின்போது அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.